கோகிலாவின் சாம்பிள்

இந்தக் கட்டுரையை எழுதச் சொல்லி முதலில் கேட்டது என்னை அல்ல, கோகிலாவை. திருச்செங்கோட்டு ரிக் தொழில்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு, நம்ம ஊர் ரேடியோ ரிமோட் ஐரோப்பாவுக்குப் போன கதை நாலு பக்கம் வேண்டுமாம். மலர்க்குழுவிலிருந்து ஒருவர் கோகிலாவைப் பார்க்கப் போயிருக்கிறார். அவள், "எனக்கு இப்ப வேல தலைக்கு மேல கெடக்குதுங்க. அதெல்லாம் ராணி அக்காவுக்குத்தான் நல்லாத் தெரியும், அவிங்களக் கேளுங்க" என்று என் வீட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டாள். பெருந்தன்மை. இந்தப் பெருந்தன்மைக்கு எதிரில் நாற்காலி போட்டுத்தான் நான் பல வருஷம் வேலை பார்த்தேன்.

அவளுக்கு வேலை அதிகம் என்பது உண்மைதான். ஐரோப்பாவில் விதிகளைக் கூட்டிவிட்டார்கள். எங்கள் காலத்தில் ஒரு ரேடியோ கருவி தனக்குக் கொடுத்த அலைவரிசையை விட்டு வெளியே போகிறதா, பக்கத்துக் கருவிகளைத் தொந்தரவு செய்கிறதா, கையில் வைத்திருப்பவருக்குக் கெடுதல் உண்டா என்று பார்ப்பார்கள். இப்போது இணையத்தோடு பேசும் கருவி என்றால், வெளியாள் யாராவது உள்ளே நுழைந்து குழப்ப முடியுமா என்றும் சோதிக்கிறார்களாம். எங்கள் கம்பெனியின் புது ரிமோட் செல்போனோடு பேசுகிறது. அதனால் கோகிலா புதிதாக நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டும். நான் ஓய்வு பெற்றாயிற்று, மத்தியானம் தூங்குகிறேன்.

என் பெயர் செல்வராணி. பிறந்தது ராசிபுரத்தில், தறிக்காரக் குடும்பத்தில். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கொஞ்ச நாள் சேலத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தேன். கல்யாணமாகித் திருச்செங்கோடு வந்தபோது சென்னியப்பன் சார் ரிக் வண்டிகளுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்யும் பட்டறை ஆரம்பித்திருந்தார். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். போய் உட்கார்ந்தேன். படிப்பைப் பற்றியும் தொழில் பழகின காலத்தைப் பற்றியும் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

வெளியூர் ஆட்களுக்காக ஒரு விளக்கம். ரிக் வண்டி ஆழ்துளைக் கிணறு போடும்போது பக்கத்தில் நிற்பவன் காது போய்விடும், மூக்கு முழுக்கக் கல்தூள் ஏறிவிடும். லிவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றால்தான் வண்டி ஓடும். கையில் ஒரு ரிமோட் இருந்தால், தூரத்தில் வேப்பமர நிழலில் நின்றுகொண்டே குழாயை இறக்கலாம், ஏற்றலாம், ஆபத்து என்றால் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்தலாம். அந்த ரிமோட்டைத்தான் நாங்கள் செய்தோம். கையிலுள்ள ரிமோட் டிஜிட்டல் ரேடியோ மூலம் வண்டியிலுள்ள பெட்டியோடு பேசும்.

சென்னியப்பன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார், அவ்வளவுதான். கோபம் எவ்வளவு என்று துடைக்கிற நேரத்தை வைத்துத் தெரிந்துகொள்வோம். எந்தப் புது மாடலாக இருந்தாலும் முதல் பீஸைத் தானே வெள்ளைத் துணியில் சுற்றி, தன் அறையிலுள்ள இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டுவார். அந்தப் பீஸின் மூடி இடுக்கில் காகிதப் பட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைப் பிரிக்க வேண்டுமென்றால் அவரிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். பீரோவைத் திறக்கும் முன் கை கழுவுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

என்னை அவர் "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். நான் அவரைவிட வயதில் மிகவும் இளையவள். ஆரம்பத்தில் "அம்மணி" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் சந்தேகம் கேட்டு, நான் பதில் சொல்லச் சொல்ல "மேடம், மேடம்" என்று தலையாட்டினார். அன்றிலிருந்து சாரும் மேடம் ஆக்கிவிட்டார். பட்டறையில் வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடையாது. எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது, கோகிலா வரும் வரைக்கும்.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் ரிமோட்டை ஒரு வளைகுடா நாட்டில் விற்க அனுமதி வாங்கிக் கொடுத்தது நான்தான். வெளிநாட்டுச் சந்தையில் ரேடியோ கருவி விற்பது எப்படி என்று எங்கள் ஊரில் அப்போது ஒருவருக்கும் தெரியாது. ஆப்பிரிக்காவுக்குப் போன வண்டிகளோடு ரிமோட்டும் போகும், அங்கே அனுமதி வாங்குவது வாங்கியவர் பொறுப்பு. வளைகுடாக்காரர்கள்தான் முதன்முதலாக, "சோதனை அறிக்கை கொண்டா, அப்புறம் பேசலாம்" என்றார்கள். நான் பெங்களூரில் ஒரு லேப்பைத் தேடிப் பிடித்துப் போய், எங்கள் அலைவரிசை அந்த நாட்டில் வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைத் தெரிந்துகொண்டு, திரும்பி வந்து அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலை மாற்றி, மறுபடி போய் அறிக்கை வாங்கி வந்தேன். அனுமதிப் பத்திரம் வந்தது. அதில் அந்த ஊர் ஏஜென்ட் பெயர் இருந்தது. கம்பெனி பெயர் இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

கோகிலா பள்ளிபாளையத்துப் பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். இங்கேயே இன்ஜினியரிங் காலேஜில் படித்துவிட்டு வந்தாள். வந்த முதல் வாரமே என் டேபிளில் கிடந்த சர்க்யூட்டைப் பார்த்து, "அக்கா, இந்த இடத்துல ஒரு கெப்பாசிட்டர் கொறச்சாலும் ஓடுமுங்களே" என்றாள். ஓடும். எனக்கும் தெரியும். ஆனால் நான் சொல்லிக் குறைக்க வேண்டியதை அவள் சொல்லிக் குறைத்தோம். அன்று சாயங்காலம் சார் அவள் பக்கத்தில் நின்று, "நல்லாப் பாத்தே சாமி" என்றார்.

சாமி! எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையை அப்படிக் கூப்பிடுவார்கள், வயசானவர்களையும் கூப்பிடுவார்கள், பிரியமாக இருந்தால் போதும். அத்தனை வருஷத்தில் சார் என்னை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர், எதையும் சமமாகப் பார்க்கிற சுபாவம். "உன்னைய மேடங்கறாரு, அதுக்கும் மேல என்ன வேணும்?" என்றார். அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அதிலிருந்து நான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். யார் டேபிள் பக்கம் சார் முதலில் வருகிறார், யார் சொன்னால் தலையாட்டுகிறார், தீபாவளிப் பலகாரப் பொட்டலம் யார் கையில் முதலில் போகிறது என்று. கோகிலாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அவள் பாட்டுக்கு "அக்கா, அக்கா" என்று வந்து என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுத்துக்கொள்வாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே கிணறு தோண்டும் இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனி எங்கள் ரிமோட்டை மட்டும் தனியாகக் கேட்டது. ஐரோப்பாவில் முறை வேறு. அரசாங்கம் ஒரு பத்திரம் கொடுத்து உட்கார வைப்பதில்லை. நீயே சோதித்து, நீயே ஆதாரங்களைத் திரட்டி, "இந்தக் கருவி உங்கள் விதிகளுக்கு உட்பட்டது, இதற்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை டிக்ளரேஷன் என்போம். அதன் பிரதி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் போகும். கீழே கம்பெனி பெயரோடு ஒரு ஆளின் பெயரும் இருக்கும்.

சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அதைச் சொன்னார். "எனக்கு இங்கிலீசும் அவ்வளவா வராது, ரேடியோவும் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டா அது பொய்யி. உங்க ரெண்டு பேர்ல யாரு சாம்பிளக் கொண்டுபோய்ப் பாஸ் பண்ணிக்கிட்டு வாறீங்களோ, அவுங்க பேரப் போட்டர்லாம்" என்றார்.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. ராசிபுரத்துச் செல்வராணி என்று ஜெர்மனியில் பெட்டியைப் பிரிக்கிறவன் படிக்க வேண்டும். மூத்தவள் நான், முதலில் சாம்பிளோடு பெங்களூருக்குப் போனதும் நான்தான்.

சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். லேப்பில் ஒரு பெரிய அறை. சுவர், கூரை எல்லாம் நீலக் கலரில் கூம்பு கூம்பாகப் பஞ்சு. வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே வராது, உள்ளே எழும் அலை சுவரில் பட்டுத் திரும்பாது. நடுவில் சுழலும் மேஜை. அதன் மேல் நம் ரிமோட்டை வைத்து ஓட விடுவார்கள். எதிரே ஒரு கம்பத்தில் ஆன்டெனா ஏறும், இறங்கும், நிமிரும், படுக்கும். நாம் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். திரையில் ஒரு சிவப்புக் கோடு. நம் கருவி கிளப்பும் சத்தமெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

எந்த ரேடியோவும் தன் அலைவரிசையில் மட்டும் பேசுவதில்லை. அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உயரத்திலும் கொஞ்சம் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு அடுத்தவர் பயன்படுத்தும் அலைவரிசையில் போய் விழும். அதை அடக்கி வைப்பதுதான் எங்கள் தொழிலில் பாதி வேலை. என் சாம்பிள் எல்லாவற்றிலும் பாஸ். இரண்டு மடங்கு இடத்தில் மட்டும் திரையில் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. கொஞ்சம்தான். ஆனால் கொஞ்சம் தாண்டினாலும் ஃபெயில்தான். மேஜையைத் திருப்பிப் பார்த்தோம், பேட்டரியை மாற்றிப் பார்த்தோம். ஊசி அசையவில்லை. சேலம் ரயிலில் திரும்பி வந்தேன்.

சார் திட்டவில்லை. கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. "சரீங்க மேடம், அடுத்த வாட்டி கோகிலா போயிட்டு வரட்டும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கோகிலா அந்த முணுமுணுப்பை வடிகட்டும் ஃபில்டரை மாற்றினாள். ஒரு கம்பிச் சுருள், இரண்டு கெப்பாசிட்டர். புது சாம்பிளைச் சார் வழக்கம்போல ஒரு நாள் வாங்கி வைத்திருந்து, காகிதப் பட்டை ஒட்டிக் கொடுத்தார். உள்பக்கப் படங்களையெல்லாம் முன்பே எடுத்து லேப்புக்குக் கொடுத்திருந்ததால் அங்கே அதைத் திறக்க வேண்டியதில்லை. அவள் போனாள். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. பாஸ். சார் எழுந்து நின்றே பேசினார். "அப்புடியா சாமி! அப்புடியா சாமி!" பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று தின்றேன்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது நான் மட்டும் அவள் கொண்டுவந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்காதா என்றுதான் படித்தேன். வேறு நல்லெண்ணம் எதுவும் அதில் இல்லை. படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஊசி இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு கீழே போயிருந்தது. அவள் போட்ட ஃபில்டரை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி அளவுகூட இறங்க வழியில்லை. அவ்வளவு நல்ல ரிசல்ட் அவளுக்கு வரக் கூடாது என்று என் மனசும் சொன்னது, கணக்கும் சொன்னது.

அதற்குள் அவள் சாம்பிளைப் பார்த்து ஜெர்மனிக்கான பீஸ்கள் தயாராகி அட்டைப் பெட்டியில் ஏற ஆரம்பித்துவிட்டன. டிக்ளரேஷனில் கோகிலா பெயரை டைப் செய்தாயிற்று. கையெழுத்துக்கு நல்ல நாள் பார்த்திருந்தார்கள்.

எங்கள் பட்டறையின் பின் ஷெட்டில் பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று உண்டு. லேப் அளவுக்குத் துல்லியம் கிடையாது, ஆனால் இரண்டு கருவிகளைப் பக்கத்தில் வைத்து எது அதிகமாகச் சத்தம் போடுகிறது என்று சொல்லிவிடும். தயாரான பீஸ்களில் ஒன்றை எடுத்துப் போய் வைத்தேன். இரண்டு மடங்கு இடத்தில் ஊசி நிமிர்ந்து நின்றது. என்னுடைய ஃபெயிலான சாம்பிளைவிடக் கொஞ்சம் குட்டை, அவ்வளவே. இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. அவளுடைய ஃபில்டர் நான் கணக்குப் போட்ட அளவுக்குத்தான் வேலை செய்தது.

எனக்குச் சந்தோஷம்தான். மறைப்பானேன்? கம்பெனி தப்பித்தது, ஜெர்மனியில் மொத்தமாக ஃபெயிலாகிச் சரக்குத் திரும்பி வரும் அவமானம் தப்பியது என்றெல்லாம் பிறகுதான் தோன்றியது. முதலில் தோன்றியது, கோகிலா பாஸ் ஆகவில்லை என்பது மட்டும்தான்.

சார் அறைக்குப் போனேன். கோகிலாவும் அங்கே இருந்தாள். விஷயத்தைச் சொல்லி, "பாஸ் ஆன சாம்பிளப் பிரிச்சுப் பாக்கோணுமுங்க சார்" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பாஸ் ஆனத எதுக்குங்க மேடம் பிரிச்சுக்கிட்டு? அது அப்புடியே இருக்கட்டுமே" என்றார். குரலில் ஒரு கூச்சம் இருந்தது. அவளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பெட்டியில ஏறுற பீஸ் ஒண்ணு, பாஸ் ஆனது ஒண்ணா இருந்தா நாளைக்குக் கையெழுத்துப் போட்டவங்கதானுங்க மாட்டுவாங்க" என்றேன்.

கோகிலாதான் சொன்னாள். "பிரிச்சே பாத்தர்லாங்க சார். எம்பேரு போகுது, எனக்கும் தெரிஞ்சாகோணுமல்லோ?"

சார் எழுந்து கை கழுவினார். பீரோவைத் திறந்து வெள்ளைத் துணியைப் பிரித்தார். நான் காகிதப் பட்டையைக் கிழித்து, திருகுகளைக் கழற்றி, மூடியைத் திருப்பினேன்.

மூடியின் உள்பக்கம் ஒரு செப்புத் தகடு ஒட்டியிருந்தது. மலைக்கோயிலில் பூசை பண்ணிக் கொடுப்பார்களே, கோடு கிழித்து எழுத்து வெட்டிய தகடு, அதுதான். மேலே மஞ்சள், குங்குமம். எங்கள் ஊரில் புது ரிக் வண்டி தகடு இல்லாமல் கிளம்பாது. வண்டியில் எங்காவது ஒளிவாக முடுக்கி வைத்துவிடுவார்கள். ஆனால் ரேடியோவுக்குள் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

தகட்டின் ஒரு மூலையைத் துளைத்துக்கொண்டு மூடித் திருகு ஒன்று இறங்கியிருந்தது. அந்தத் திருகு போய் உட்காருகிற பித்தளைத் தூண்தான் சர்க்யூட்டின் எர்த். தகடு சரியாக ரேடியோ ஆம்ப்ளிஃபயருக்கு நேர் மேலே கவிந்திருந்தது. அந்த முணுமுணுப்பு வெளியே வரும் இடம் அதுதான். எர்த்தில் கட்டிய செம்பு மூடி போட்டு அதை அமுக்கினால் எப்படி வரும்? அலை கசியாமல் மூடும் ஷீல்டை லட்ச ரூபாய்க்கு வாங்கிப் போட்டிருந்தாலும் அவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. ஷெட்டுக்குக் கொண்டுபோய்த் தகட்டை எடுத்துவிட்டு ஓட்டினோம், ஊசி எழுந்தது. திருகோடு திரும்ப வைத்தோம், ஊசி படுத்தது. சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றார். "போன வாட்டி ஃபெயிலாயிருச்சு. இந்தப் புள்ள மொதமொதலாப் போவுது, கையெல்லாம் நடுங்கிக்கிட்டிருந்துச்சு. அதான் காருல போகாம படியேறிப் போயி வாங்கியாந்தேன். இது இப்புடியெல்லாம் பண்ணும்னு எனக்கென்னங்க தெரியும்?"

டாக்டர் அவருக்குப் படியே ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். முட்டி இரண்டும் தேய்ந்து போனவர். ஆபீஸ் மாடிக்கே பிடித்துப் பிடித்துத்தான் ஏறுவார்.

நான் எதிர்பார்த்தது கோகிலா முகம் சுருங்கும் என்று. அவள் கண் கலங்கியது உண்மைதான். ஆனால் ஃபெயிலானதற்காக அல்ல. "எனக்கோசரம் படியேறியா போனீங்க சார்? அந்த முட்டிய வெச்சுக்கிட்டா?" என்று கேட்டுக்கொண்டு அழுதாள். சாரும் துண்டால் முகத்தைத் துடைத்தார். கண்டுபிடித்தது நான். சரக்கைத் தடுத்தது நான். அந்த ஷெட்டில் என்னைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை.

அப்புறம் கோகிலா அந்தத் தகட்டை எடுத்துத் துடைத்து, "இத நான் வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அது அவள் கைப்பையில் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஏறிய பெட்டிகளை இறக்கினோம். டைப் செய்த டிக்ளரேஷனைச் சார் கிழித்துப் போட்டார். ஆம்ப்ளிஃபயர் மேல் சரியான ஷீல்டு போட வேண்டும் என்றேன். வெள்ளீயம் பூசிய தகரத்தில் சின்ன மூடி, நாலு பக்கமும் போர்டில் சால்டர் செய்ய வேண்டும். படம் நான் வரைந்தேன், அளவு கோகிலா சரிபார்த்தாள். கோயம்புத்தூரில் அடித்து வந்தது. ஷெட்டில் வைத்துப் பார்த்தோம். ஊசி தெரியவில்லை. ஒன்றுக்குப் பத்துப் பீஸ் எடுத்துப் பார்த்தோம். ஒன்றிலும் தெரியவில்லை.

"இந்த வாட்டி மேடம் போயிட்டு வாங்க" என்றார் சார். "பாஸ் ஆனா மேடம் பேருலயே டிக்ளரேஷன் போட்டர்லாம்."

கோகிலா கை தட்டினாள். "அக்கா பேருதானுங்க சரி! அக்கா இல்லீன்னா நான் இன்னேரம் ஜெர்மன்காரங்கிட்டப் பேச்சு வாங்கிக்கிட்டிருப்பேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவள் மனசாரச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எனக்கு உரிமையானதை அவள் தூக்கிக் கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டது.

கிளம்புகிற அன்று சாயங்காலம் சாம்பிளை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். இனிமேல் சீல் போடுவதற்கு முன் இரண்டு பேர் உள்ளே பார்க்க வேண்டும் என்று நானே விதி போட்டிருந்தேன். கோகிலா பார்த்துவிட்டுப் போய்விட்டாள். சார் கை கழுவிவிட்டு வந்து, மூடியை வைத்து, திருகு முடுக்கி, பட்டை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

நான் எடுக்கவில்லை. தகட்டை உள்ளே வைக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? விதி போட்டதே நான்தானே. ஆனால் வெளியே வைக்கலாம். பைக்குள் வைக்கலாம். என் கையில் கொடுக்கலாம். அல்லது மலைக்குப் போய்விட்டு வந்தேன் என்று வாயால் சொல்லலாம்.

"ஏனுங்க மேடம், ரயிலுக்கு நேரமாகலீங்களா?" என்றார்.

கேட்டே விட்டேன். "என்னோட மொத சாம்பிளுக்கு ஏனுங்க சார் தகடு வெக்கல?"

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தார். கண்ணாடியை எடுத்தார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நீங்க போறப்ப எதுக்குங்க மேடம் சாமியத் தொந்தரவு பண்ணோணும்? நீங்க போனா வேல முடிஞ்சுரும்னுதான எப்பவும் இருக்கறது. அது சின்னப்புள்ள, பயந்துக்கிட்டிருந்துச்சு. அதுக்குத்தான் போனேன்" என்றார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கணவரிடம் போனில் சொன்னேன். "பாத்தியா, உன்மேல எத்தன நம்பிக்க!" என்றார். மூன்று வருஷம் கழித்துக் கோகிலாவிடம் சொன்னபோது அவளும் அதையேதான் சொன்னாள், அதுவும் என் கையைப் பிடித்துக்கொண்டு. நம்பிக்கைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நம்பிக்கை வைத்தவளை அனுப்பிவிட்டு வீட்டில் நிம்மதியாக இருந்தார். பிரியம் வைத்தவளுக்காகப் படியேறினார். இரண்டில் எது வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் நான் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டேன்.

பெங்களூரில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மேஜை சுழன்றது, ஆன்டெனா ஏறி இறங்கியது. ஊசி வரவில்லை. முதல் ஓட்டத்திலேயே பாஸ். ஒருவேளை நான் கிளம்பிய பிறகு சார் எனக்குத் தெரியாமல் மலைக்குப் போயிருப்பாரோ என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. வந்த பிறகு அது போகவே இல்லை. ரயில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். போயிருப்பார். சொல்லிக்கொள்ள மாட்டார், அதுதான் அவர் குணம்.

டிக்ளரேஷனில் செல்வராணி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த மாடல் விற்ற வரைக்கும் ஜெர்மனியில் பிரித்த ஒவ்வொரு பெட்டியிலும் என் பெயர் இருந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை.

ஆனால் கையெழுத்துப் போடப் போகும் முன், கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் விசாரித்தேன். "முந்தாநேத்துச் சாயந்தரம் நான் போனதுக்கப்பறம் சார் எங்கியாச்சும் வெளிய போனாருங்களா?"

"எங்கியும் போகலீங்களே" என்றார் அவர். "'மேடம் போயிருக்காங்க, இன்னிக்காச்சும் நிம்மதியாத் தூங்கறேன்'னு சொல்லிப்போட்டு நேரத்துலயே ஊட்டுக்குப் போயிட்டாருங்க."